லோரீனின் மூலை

கோணலாகத் தைக்க ஆர்டிஸ் படாத பாடு பட்டாள். அயோவாவின் அந்தச் சின்ன ஊரில், லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் வாராவாரம் கூடித் தைக்கும் பெண்களில் அவள் தையலுக்கு மிஞ்சிய தையல் கிடையாது. ஊசி போன வழியை விரலால் தடவினால் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். அப்படிப்பட்டவள் சமையலறை மேசையில் துண்டுத் துணியைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஆறு வயதுக் குழந்தை எப்படித் தைக்கும் என்று பழகிக்கொண்டிருந்தாள். கை கேட்கவில்லை, தானாகவே நேர்கோட்டுக்குப் போய் நின்றது. கடைசியில் ஊசியை இடது கைக்கு மாற்றினாள். ஒரு தையல் நீளம், ஒன்று குட்டை, ஒன்று வழி தெரியாமல், துணியில் வரைந்திருந்த இலைக்கு வெளியே ஓடியது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அந்தக் கோணல் தங்கை லோரீனுடையது. அம்மா தைத்த ஒட்டுப் போர்வை ஒன்றின் கீழ் மூலையில் அது இருந்தது. அந்தக் காலத்தில் கோழித்தீவனம் வந்த, படம் அச்சடித்த பருத்தி மூட்டைத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுநடுவே வெள்ளைத் துணியில் இலைகளோடு சிவப்பு ரோஜா வளையங்களை வைத்துத் தைத்த போர்வை. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்க, முன்னறையில் மரச்சட்டம் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களை அம்மா கூப்பிட்டாள். அவர்கள் காப்பி குடித்து, ஊர் வம்பு பேசித் தைத்துவிட்டுப் போன பிறகு, சுமாராகத் தைத்தவர்களின் தையலைச் சத்தமில்லாமல் பிரித்துத் திரும்பத் தைப்பாள். மறுநாள் யாரிடமும் மூச்சு விட மாட்டாள். அது அந்தப் பக்கத்து நாகரிகம். ஒன்பது வயது ஆர்டிஸின் தையலையும் பிரித்தாள். ஆறு வயது லோரீன் ஒரு இலையைச் சுற்றித் தைத்ததை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் லோரீன் வாழ்ந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. இரண்டு கல்யாணமும் நிலைக்கவில்லை. பிள்ளையில்லை. எந்த வேலையிலும் ஒட்டவில்லை. ஆர்டிஸ் கெட்டிக்காரி, லோரீன் உதவாக்கரை என்று ஊரே பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டது. அக்காவும் தங்கையும் சண்டை போட்டால் கடைசி வார்த்தை எப்போதும் லோரீனுடையதாக இருக்கும்: "நீ தச்சத அம்மா பிரிச்சாங்க. என்னுத பிரிக்கல." எழுபது வயதுக்கு மேலும் அது ஆர்டிஸுக்குச் சுருக்கென்று தைத்தது. வெட்கம்தான், ஆனால் உண்மை.

வீட்டை விற்று வாடகை அறைக்குப் போனபோது லோரீன் போர்வையை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஆர்டிஸ் அதைப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு நிலவறையில் வைத்தாள். பழைய துணியைப் பிளாஸ்டிக்கில் அடைக்காதீர்கள் என்று தைக்கும் பெண்களிடம் வாய் ஓயாமல் சொன்னவளும் இதே ஆர்டிஸ்தான். நல்ல பெட்டி வாங்கும் வரைக்கும் என்று நினைத்தாள், பிறகு மறந்தாள். ஒரு கோடையில் பெருமழை, மின்சாரம் போனது, நிலவறைத் தண்ணீரை இறைக்கும் பம்பு நின்றது. பெட்டியைத் திறந்தபோது பஞ்சில் கரும்பூஞ்சை. ரோஜாக்களின் சிவப்பு வெள்ளைத் துணியெல்லாம் பரவியிருந்தது. கொல்லையில் குப்பை எரிக்கும் பீப்பாயில் போட்டுக் கொளுத்திவிட்டாள். அதன் பிறகு லோரீன் தொலைபேசியில் விசாரித்தபோதெல்லாம், "பத்திரமா இருக்கு" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

இப்போது லோரீனுக்குக் கல்லீரலில் புற்று. பராமரிப்பு இல்லத்தில் படுத்துவிட்டாள். கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. நிறம் தெரியும், ஓரம் தெரியும், எழுத்தோ தையலோ தெரியாது.

"அக்கா, என் போர்வையக் கொண்டா. அதப் போத்திக்கிட்டே போய்ச் சேர்றேன்."

"கொண்டு வரேன்டி. அங்கங்க தையல் விட்டிருக்கு. கொஞ்சம் தச்சு எடுத்துட்டு வரேன்."

"என் மூலையத் தொடாத."

"தொட மாட்டேன்."

பழைய மூட்டைத் துணிகளின் அச்சை அப்படியே பார்த்துப் புதிதாக அடித்து விற்கும் கடைகள் இருப்பது அவளுடைய அதிர்ஷ்டம் என்றுதான் அன்று நினைத்தாள். லோரீனின் கல்யாணப் புகைப்படங்களில் கட்டில் மேல் அந்தப் போர்வை கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கடைகளை எல்லாம் அலசினாள். மஞ்சளில் வாத்துக்குஞ்சு கிடைத்தது. நீலத்தில் குதிரை லாடம் கிடைத்தது. வாங்கியதைத் துவைத்துத் துவைத்து வெயிலில் போட்டுப் பழசாக்கினாள். ரோஜா இதழ்களின் ஓரத்தை உள்ளே மடித்து, தையல் வெளியே தெரியாமல் பதித்தாள். அம்மாவே வந்தாலும் ஏமாந்து போவாள் என்று ஒரு நாள் நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மூன்றடுக்கையும் தனியாகத் தைத்தால் வருடமாகும். லோரீனுக்கு அவ்வளவு நாள் இல்லை. ஆகவே தேவாலயத்து மரச்சட்டத்தில் ஏற்றினாள். "அசலு ரொம்ப நைஞ்சு போச்சு, வெளிய எடுக்க முடியாது. அதப் பாத்து லோரீனுக்கு ஒண்ணு தைக்கிறேன்" என்று பெண்களிடம் சொன்னாள். எரித்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. அதைச் சொல்லாமல், நகலில் அந்த மூலை மட்டும் ஏன் கோணலாக இருக்க வேண்டும் என்று எப்படி விளக்குவது? ஒருவரும் வராத நேரமாகப் பார்த்துப் போய், கீழ் மூலையின் இலையை இடது கையால் தைத்து வைத்தாள். மற்றதை எல்லோரும் சேர்ந்து தைத்தார்கள்.

போர்வை சட்டத்திலிருந்து இறங்கிய வாரம் லோரீனுக்கு மோசமாகிவிட்டது. "நீ போய்த் தங்கச்சியோட இரு, ஆர்டிஸ். ஓரத்துக்கு நான் பட்டி அடிக்கிறேன். அலசிக் காயவச்சுக் கொண்டாந்து தரேன்" என்றாள் கூடத் தைப்பவர்களில் ஒருத்தியான மேவிஸ். சொன்னபடியே பராமரிப்பு இல்லத்து வாசலில் வந்து, ரிப்பன் கட்டிய மூட்டையாகக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆர்டிஸ் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நேரே படுக்கைக்குக் கொண்டுபோய் விரித்தாள்.

லோரீன் துணியைக் கடைக்கண் பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள். முகம் மலர்ந்தது.

"வாத்துக்குஞ்சு! அக்கா, இந்த மூட்டைய நான்தான் கடையில கேட்டு வாங்கினேன், ஞாபகம் இருக்கா? அப்பா திட்டினாரே."

"திட்டினது உன்னையா? கோழிக்குத் தீனி வாங்க வந்தியா, கவுனுக்குத் துணி வாங்க வந்தியான்னு என்னைத்தான் திட்டினாரு."

"இவ்ளோ நல்லா வச்சிருக்கியே. உன் புருஷனக்கூட நீ இப்படிப் பாத்துக்கல."

ஆர்டிஸ் சிரித்தாள். மாதக்கணக்கில் அவள் அப்படிச் சிரிக்கவில்லை. லோரீனின் விரல்கள் கீழ் மூலைக்கு இறங்கின. இலையைச் சுற்றி ஒரு முறை போயின. இன்னொரு முறை போயின.

"இது எந்த மூல?"

"உன் மூலதான்டி."

"இல்ல. வேற மூலையக் காட்டு."

நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தாள். நான்காவதும் முடிந்த பிறகு ஆர்டிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். இலையைச் சுற்றித் தையல் அச்சுப் போட்ட மாதிரி ஓடியது. பட்டி அடிக்க உட்கார்ந்த மேவிஸ், பாவம் ஆர்டிஸுக்குக் கை நடுங்குகிறது என்று நினைத்துப் பிரித்துத் திரும்பத் தைத்திருக்கிறாள்.

"பிரிச்சிட்ட" என்றாள் லோரீன். குரல் உயரவில்லை.

"நான் பிரிக்கல. லோரீன், கேளு..."

"தொடாதன்னு சொன்னேன். அறுபத்தஞ்சு வருஷமா உன்னால பொறுக்க முடியல, இல்ல?"

அதற்கு மேல் மறைத்துப் பயனில்லை. ஆர்டிஸ் எல்லாவற்றையும் கொட்டினாள். பிளாஸ்டிக் பெட்டி, பூஞ்சை, பீப்பாய், கடை கடையாக அலைந்தது, இடது கையால் தைத்தது, மேவிஸ். "அந்தப் போர்வை போச்சுடி. போற வரைக்கும் உன் தையல் அதுல இருந்துச்சு. அம்மா விட்டு வச்ச மாதிரியே இருந்துச்சு. சத்தியமா."

லோரீன் கேட்டுக்கொண்டிருந்தாள். வாத்துக்குஞ்சின் மேல் அவள் கை கிடந்தது.

"அம்மா துணி எனக்குத் தெரியாதா? கண்ணு அவ்ளோ அவிஞ்சா போச்சு? பிரிச்சத மறைக்க, எரிச்சேன்னு சொல்ற. சாகப் போறவகிட்ட இப்படியா கத கட்டுவ?"

"கத இல்லடி."

"எடுத்து நாற்காலில போடு."

"குளிருமே."

"போடுன்னேன்."

ஆர்டிஸ் எடுத்துப் போட்டாள். மேவிஸை அழைத்து வந்து சொல்ல வைக்கலாமா என்று யோசித்தாள். அவளையும் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்ததாகத்தான் லோரீன் நினைப்பாள். இத்தனை அச்சு அசலாகத் தைத்திருக்க வேண்டாம். ஒரு துணி மாறியிருந்தால், ஒரு நிறம் கூடக்குறைய இருந்திருந்தால் தங்கை நம்பியிருப்பாள். தன் கைத்திறமையை அவள் வாழ்நாளில் முதன்முறையாக வெறுத்தாள்.

மறுநாள் காலை அந்த மூலையின் தையலைக் கத்தரித்துப் பிரித்தாள். ஊசியில் நூல் கோத்து, லோரீனின் விரல்களுக்கு நடுவே வைத்தாள்.

"நீயே போடு. எப்படி வேணா போடு. நான் தொட மாட்டேன்."

லோரீன் ஊசியைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு விரலைத் தளர்த்தினாள். ஊசி விரிப்பில் விழுந்தது.

"நான் போடுவேன்க்கா. 'இது இருக்கட்டும்'னு சொல்ல அம்மா எங்க?"

அந்த வாரக் கடைசியில் லோரீன் இறந்தபோது அவள் மேல் இருந்தது இல்லத்தின் வெள்ளைப் போர்வைதான்.

அடக்கம் முடிந்து தேவாலயத்து அடித்தளத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் அடுப்பில் சுட்டெடுத்த உருளைக்கிழங்கும் வரிசையாக இருந்தன. தையல் சட்டத்தைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். மேவிஸ் காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லக் கூடாதுதான், ஆர்டிஸ். இருந்தாலும் உன் மனசு ஆறட்டும்னு சொல்றேன். ஒரு மூலையில உனக்குக் கை தடுமாறியிருந்துச்சு. நான் சரி பண்ணிட்டேன். லோரீன் கையில போறது குறையில்லாம போகட்டுமேன்னுதான்."

மேவிஸ் இந்த ஊருக்கு மருமகளாக வந்த புதிதில் ஊசி பிடிக்கவே தெரியாது. அவள் வீட்டுக்குப் போன பிறகு அவள் தையலை வாராவாரம் பிரித்துத் தைத்தவள் ஆர்டிஸ். பின்னாளில் அவளுக்குக் கை வந்ததும், யாருக்கும் தெரியாமல் இப்படிச் செய்ய வேண்டும் என்று பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டியவளும் ஆர்டிஸ்தான்.

"தங்கச்சிக்குப் பிடிச்சிருந்துச்சா?" என்றாள் மேவிஸ்.

ஆர்டிஸ் காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். ஆறிப் போயிருந்தது.

"தையல் ரொம்ப நேரா இருக்குன்னு சொன்னா" என்றாள்.

மேவிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆர்டிஸின் கையைப் பிடித்து அழுத்தினாள். ஆர்டிஸ் கையை விலக்கிக்கொள்ளவில்லை.