பழுக்காத காயம்

கருங்கல் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாகக் காயம் கட்டுகிறேன். எங்கள் பக்கத்தில் சீழுக்குப் பழுப்பு என்றுதான் பெயர். கட்டைப் பிரித்துப் பார்த்து, “பழுக்கல்ல, போயிட்டு வாங்க” என்று நான் சொன்னால் போதும், ஆட்கள் மீன் வாங்கப் போய்விடுவார்கள். டாக்டரைப் பார்க்கக்கூட நிற்க மாட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

என் வீட்டுக்காரர் ரசலையனுக்கு வாழை விவசாயம். ஒரு திங்கட்கிழமை காலையில் குலை வெட்டும்போது வழுக்கி விழுந்தார். வாழைக்கு ஊன்று கொடுத்திருந்த கம்பின் ஒடிந்த முனை கெண்டைக்காலில் குத்தி இறங்கிவிட்டது. முந்தின வாரம்தான் சாணியுரம் போட்ட மண். அலறிக்கொண்டே கம்பை அவரே பிடுங்கி எறிந்துவிட்டு, ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். துளை சின்னது, ஆனால் ஆழம். கழுவினேன், மருந்து வைத்தேன், டிடி ஊசி போட்டேன், இறுக்கிக் கட்டினேன்.

“டாக்டரையும் ஒண்ணு காட்டட்டா, ஞானம்?” என்று கேட்டார்.

“எதுக்கு? நான் கட்டுனா போதாதா?”

சிரித்துக்கொண்டே போனார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வலி தாங்காத மனிதர். விரலில் முள் ஏறினால் வீட்டை இரண்டாக்குவார். ஒருமுறை பல் பிடுங்கப் போய், மரத்துப்போகிற ஊசியைப் பார்த்தவுடன் பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லியே நானும் மகள் பெபிஷாவும் அவரைப் பல வருடம் கேலி செய்திருக்கிறோம். அதனால்தான் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் ஃபோன் பண்ணிக் கூப்பிட்டபோது நான் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

கட்டிலில் சுருண்டு கிடந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

“ஏட்டி, பொறுக்க முடியல்ல. உள்ளெ இருந்து ஆரோ முறுக்குத மாதிரி இருக்கு.”

பிரித்துப் பார்த்தேன். கால் வீங்கியிருந்தது. தோல் வெளிறி, காயத்தைச் சுற்றி லேசாகச் செம்பு நிறம். அழுத்தியபோது தண்ணீர் மாதிரி கொஞ்சம் கசிந்தது. அதில் ஒருவித இனிப்பான கெட்ட வாடை. ஆனால் பழுப்பு இல்லை, ஒரு சொட்டுகூட இல்லை. காய்ச்சலும் பெரிதாக இல்லை. நாடியைப் பிடித்துப் பார்த்திருந்தால் அது ஓடுகிற ஓட்டம் தெரிந்திருக்கும். நான் பிடிக்கவில்லை.

“இஞ்ச பாருங்க, கொஞ்சம்கூட பழுக்கல்ல. பின்னெ என்னத்துக்கு இந்த அலறல்? பிள்ளை பெறப் போறவளுவகூட இப்பிடிக் கூப்பாடு போடமாட்டாளுவ.”

“பழுக்கல்லியா?”

“இல்லண்ணு சொல்லுதேன்லா.”

அதன்பிறகு அவர் சத்தம் போடவில்லை. வலி குறைந்துவிட்டது என்று நினைத்து, வலி மாத்திரை ஒன்று கொடுத்துவிட்டு நான் வேலைக்குத் திரும்பினேன். தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். எல்லாம் முடிந்தபிறகு உறையைத் துவைக்க எடுத்தபோதுதான் பல் தடத்தைப் பார்த்தேன்.

புதன்கிழமை விடிந்தபோது கால் ஊதா நிறமாகியிருந்தது. முழங்கால்வரை கருஞ்சிவப்புக் கொப்புளங்கள். அவர் யாரோ போல என்னைப் பார்த்து, மாட்டுக்குத் தண்ணி வச்சாச்சா என்று கேட்டார். எங்களுக்கு மாடே கிடையாது. கார் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே ஜிஷா என்று ஒரு அறுவை சிகிச்சை டாக்டர். சின்ன வயசு. காலைத் தொட்டு விரலால் அழுத்தினார். தோலுக்கடியில் ஒரு சத்தம், பொரித்த பப்படத்தைத் துணியில் சுற்றி நெரித்தால் கேட்குமே, அது மாதிரி. கசிவைத் துடைத்து லேபுக்கு அனுப்பிவிட்டு, ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ரிசல்ட் வந்தது. எட்டிப் பார்த்தேன். சீழ் அணுக்கள் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்தக் காலைக் கண்ணால் பார்த்தபிறகும், அந்த ஒரு வரியில் எனக்கு உயிர் திரும்பி வந்தது. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

“பழுக்கல்லியே டாக்டர், நல்லதுதானே?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அதற்குள் சொல்லியிருந்தேன்.

“அக்கா, இந்த வரியக் கண்டுதான் எனக்குப் பயம். பழுப்புண்ணா என்ன? கிருமிகூட சண்டை போட்டுச் செத்த நம்ம வெள்ளை அணுக்கள்தான். ரத்தத்தில இருந்து காயத்துக்கு ஓடி வரும். இந்தக் கிருமி ஒரு விஷத்தைக் கக்கும். அந்த விஷம் வெள்ளை அணுவைக் கொல்லும். மிச்சம் உள்ளதை ரத்தக் குழாய்க்க உள்ளேயே கட்டிகட்டியா ஒட்ட வச்சிரும். வெளிய வர விடாது. ரத்த ஓட்டமும் அடைபட்டுச் சதை செத்துப்போவும். இந்தா, சதை முழுக்கக் கிருமி, எதிர்த்து நிக்க ஒரு அணுகூட வந்து சேரல்ல. அதான் பழுக்கல்ல.”

“நேத்தைக்கு மத்தியானமே கொண்டு வந்திருந்தா?”

“நேத்தைக்குண்ணா...” என்று தொடங்கியவர், பேச்சை மாற்றி, கையெழுத்துப் போட வேண்டிய தாளை நீட்டினார். காலை எடுப்பதற்கான சம்மதத் தாள் அது. போட்டேன்.

தொடையோடு எடுத்தார்கள். ஆனால் விஷம் அதற்கு முன்பே உடம்பு முழுக்கப் போய்விட்டிருந்தது. ரத்த அழுத்தம் ஏறவே இல்லை. வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ரசலையன் இறந்துபோனார். கடைசிவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசும் நிலையில் அவர் இல்லை என்று ஜிஷா டாக்டர் சொன்னார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் நம்பப் பார்க்கிறேன்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கர்த்தருடைய சித்தம் என்றார்கள். “நீ இவ்வளவு விவரம் தெரிஞ்சவ, நீ பக்கத்தில இருந்தும் போயிட்டாரே, பின்னெ ஆரால என்ன செய்ய முடியும்?” என்று என் நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் பெபிஷா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் மடியில் கையை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பெங்களூரில் வேலை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா வாட்ஸப்பில் அனுப்பிய குரலைப் போட்டுக் காட்டினாள். மூச்சு வாங்குகிற குரல்.

“மக்கா, நீ ஒண்ணும் பயப்படாண்டாம். அம்மெ பாத்தா. பழுக்கல்லண்ணு சொல்லியாச்சு. எனக்குத்தான் வலி தாங்காது, உனக்குத் தெரியும்லா. லீவு போட்டு வராண்டாம், கேட்டியா.”

“பழுக்காம இருந்தா நல்லதுதானேம்மா?” என்றாள் பெபிஷா. “பின்னெ எப்பிடி அப்பாக்கு இப்பிடி ஆச்சு?”

கர்த்தருடைய சித்தம் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. மகளிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

“நல்லது இல்ல மக்கா. நல்லதுண்ணு சொன்னது நானாக்கும். அவரு கெடந்து துடிச்சப்போ, வாயை மூடச் சொன்னதும் நான்தான்.”

பெபிஷா என் மடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். ஃபோனை எடுத்து அந்தக் குரலை மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

“அம்மெ பாத்தா” என்றார் ரசலையன்.