லவ் பேர்ட்ஸுக்கு ஒரு விடுதலை விழா

1

இந்தக் கதை உயர்ந்த நோக்கத்தில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் இது ஒரு சைக்கிள் பம்பில் பிறந்தது.

திருகோணமலை அன்புவழிபுரத்தால் போய்க்கொண்டிருந்தபோது என் சைக்கிளின் பின்சில்லுக்குக் காற்று இறங்கிவிட்டது. பம்ப் கேட்டு, கண்ணில் பட்ட முதல் வீட்டுக்குள் நுழைந்தேன். விறாந்தையில் ஒரு கூடு தொங்கியது. உள்ளே பச்சையும் நீலமுமாக லவ் பேர்ட்ஸ். ஓர் அம்மா அவற்றின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் ஒரு பத்திரிகை ஆசிரியர் சுதந்திர தின மலருக்கு என்னிடம் கதை கேட்டிருந்தார். "விடுதலை தொனிக்க வேணும் மாஸ்டர். ஆனா நாலு பக்கத்துக்கு மேல தொனிக்கக் கூடாது" என்பது அவர் நிபந்தனை. கூட்டைக் கண்டதும் எனக்கு வாயூறியது. கூடு இருக்கிறது, பறவை இருக்கிறது, பக்கத்தில் பெண்ணும் இருக்கிறார். நான் செய்ய வேண்டியது கதவைத் திறந்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது மட்டும்.

"ஏனம்மா இதுகளை அடைச்சு வைச்சிருக்கிறியள்? பாவம், திறந்து விடலாமே?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் பள்ளிக்கூடத்து மாஸ்டர் என்பது அந்த வட்டாரத்துக்கே தெரியும். அதனால் கொஞ்சம் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "நாங்கள் இளசா இருந்த காலத்தில திறந்து விடுறதுக்கு ஒருக்கா விழாவே வைச்சவை மாஸ்டர். மேடை, மாலை, பாண்ட் வாத்தியம் எல்லாம் இருந்தது." பிறகு கதிரைப் பக்கம் திரும்பி, "இஞ்சாருங்கோ, சொல்லட்டே?" என்று கேட்டார்.

கணவர் பேப்பரில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். அதைச் சம்மதம் என்று நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம்.

2

தொடக்கம் ஒன்று: "நீலக்கடலின் விளிம்பில் ஆதவன் தன் பொற்கரங்களை..."

(நிறுத்திவிட்டேன். திருகோணமலையில் சூரியன் உதிப்பதை எழுதாத எழுத்தாளன் என்ற பெயராவது எனக்கு மிஞ்சட்டும்.)

தொடக்கம் இரண்டு: "கூட்டுப் பறவையைப் போலவே மாகிரட்டும் நான்கு சுவர்களுக்குள்..."

(இதை அந்த அம்மாவுக்கே வாசித்துக் காட்டினேன். மாகிரட் அவர் பெயர். "நான் எப்ப கூட்டுக்க இருந்தனான்? கூட்டைக் கழுவினதுதான் நான்" என்றார். இந்தத் தொடக்கமும் போயிற்று. உவமைகளை உவமிக்கப்படுகிறவர்களிடம் வாசித்துக் காட்டக் கூடாது என்று இளம் எழுத்தாளர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.)

தொடக்கம் மூன்று: "ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளைக்காரன் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறினான்." இதில் அழகு ஒன்றுமில்லை. ஆகவே இதையே வைத்துக்கொள்கிறேன்.

(இன்னுமொன்று. விறாந்தையில் "அவர்", கதைக்குள் "அவள்". கதைக்குள் போனால் மரியாதையும் குறையும், வயதும் குறையும் என்று சொன்னேன். இரண்டாவதற்காக முதலாவதைப் பொறுத்துக்கொண்டார்.)

3

மாகிரட் கடற்படை விடுதி ஒன்றில் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணிக்கு வீட்டுவேலை பார்த்தவள். அவள் புருஷன் பேணாட் டொக்யார்டில் கப்பல் இயந்திரம் பூட்டும் பிற்றர். "வெள்ளையனே போ" என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் பேணாட்டும் ஒருவன். வெள்ளையன் சொல்லுக் கேட்டுப் போனான். போகும்போது பேணாட்டின் வேலையையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான்.

துரைசாணி புறப்படும்போது தன் லவ் பேர்ட்ஸை மாகிரட்டின் கையில் கொடுத்தாள். சேவல் பச்சை, பேடு நீலம். கூட்டுக்குள் ஒரு சின்ன மணி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கூடவே இங்கிலாந்திலிருந்து வந்த தீனிப் பேணி ஒன்று. தகரத்தில் வர்ணப் படமெல்லாம் அச்சடித்திருந்தது. துரைசாணி வைத்த பெயர்கள் மாகிரட்டின் வாயில் நிற்கவில்லை. பச்சையன், நீலி என்று கூப்பிட்டாள்.

பேணி அடிமட்டத்துக்கு வந்தபோது மாகிரட் அழத் தொடங்கினாள். சீமைத் தீனிக்கு அவள் எங்கே போவாள்? பக்கத்து வீட்டு றுக்கியா வந்து பேணிக்குள் கையை விட்டு, ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இது தினதானே அக்கா? எங்கட வாப்பாட சேனையில மூட மூடயாக் கிடக்கு. இதுக்கா அழுறிங்க?"

மாகிரட்டுக்கு அழுகை நின்றது. துரைசாணிமேல் இருந்த மரியாதையும் கொஞ்சம் நின்றது. சீமைப் பேணிக்குள் அன்று முதல் கப்பல்துறைக் காட்டுச் சேனையில் விளைந்த தினை போனது. பச்சையனும் நீலியும் ஒரு வித்தியாசமும் சொல்லவில்லை.

பின்னேரங்களில் குசினி யன்னல்களைச் சாத்திவிட்டு மாகிரட் கூட்டைத் திறப்பாள். இரண்டும் ஒரு சுற்றுச் சுற்றி அலுமாரிமேல் போய் இருக்கும். பேணியை அவள் ஆட்டினால் போதும். எங்கிருந்தாலும் வந்து மணிக்கட்டில் இறங்கிவிடும். கூட்டுக்குள் பயந்து ஒடுங்கிப்போய் இருக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்டால்தான் வெளியே வரும். இந்தப் பேணிச் சத்தத்தை மறக்க வேண்டாம். கதை இதில்தான் நிற்கிறது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் திடுக்கிட வைக்கிற வித்தையெல்லாம் எனக்கு வராது.

4

இனிக் கொஞ்சம் அறிவு. கதை பிடிக்காதவர்களுக்கு இதுவாவது மிஞ்சும்.

இந்தக் குருவியின் சொந்த ஊர் அவுஸ்திரேலியாவின் வறண்ட நடுப்பகுதி. அங்கே அது பச்சை. நீலமும் வெள்ளையும் மனிதர் கூட்டுக்குள் பெருக்கி எடுத்த நிறங்கள்.* அங்கே அதற்கு வீடு வாசல் கிடையாது. எங்கே மழை பெய்ததோ அங்கே புல் விளையும். எங்கே புல் விளைந்ததோ அங்கே ஆயிரம் ஆயிரமாகப் போய் இறங்கும். மரப்பொந்தில் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, புல் தீர்ந்ததும் எழும்பிவிடும். மழை பொய்த்தால் காய்ந்த நீர்க்குட்டைகளைச் சுற்றிக் கும்பல் கும்பலாகச் செத்துக் கிடக்கும். காட்டுக் குருவியைவிடக் கூட்டுக் குருவி கூடக் காலம் சீவிக்குமாம். காட்டில் வேளைக்குத் தீனி இல்லை, மணி இல்லை, கண்ணாடி இல்லை. தன்னைப் போல ஒன்றைப் பார்க்க விரும்பினால் பக்கத்தில் திரும்பினால் போதும்.

கூட்டில் எல்லாம் இருக்கிறது. கூட்டாளிக்குத்தான் கண்ணாடி தொங்குகிறது.

எது மேல் என்று கேட்கிறீர்கள். நூலகத்தில் நான் புரட்டிய தடித்த புத்தகமும் அதைச் சொல்லவில்லை. குருவியிடம் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

* அதாவது நீலிக்குத் திரும்பிப் போக ஒரு காடே இல்லை. இந்த வசனத்தில் எனக்கு ஒரு பெருமை வந்தது. அதனால்தான் அடிக்குறிப்பில் ஒளித்து வைத்தேன்.

5

(இந்தப் பகுதியில் பேணாட்டையும் குருவியையும் ஒப்பிட்டு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். பேணாட் அதை அடுத்த பகுதியில் தன் வாயாலேயே ஒரு வரியில் சொல்லிவிடுவதால் நீக்கிவிட்டேன்.)

6

வேலை போனவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். வேலை இல்லாதவனுக்குக் கூட்டம் வைக்க நேரம் உண்டு. தலைவர் யேசுரட்ணம் பேச எழுந்தால் மைக்குக்குத்தான் மூச்சு வாங்கும். தளம் நம் கைக்கு வந்ததைக் கொண்டாடக் கடற்கரை மைதானத்தில் விழா எடுப்பதென்றும், விழாவில் புறா பறக்கவிடுவதென்றும் தீர்மானமாயிற்று. கோயில் மணிக்கூண்டில் வளர்ந்த புறாக்களைப் பிடித்து ஒத்திகை பார்த்தார்கள். யேசுரட்ணம் "சுதந்திரப் பறவைகளே" என்று தொடங்கி முடிப்பதற்குள் புறாக்கள் மணிக்கூண்டுக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டன.

"போன இடத்தில நிக்கிற பறவை ஒண்டு வேணும்" என்றார் தலைவர்.

பேணாட் கையை உயர்த்தினான்.

வீட்டுக்கு வந்து அதைக் குசினி வாசலில் நின்று சொன்னான்.

"மாகிரட், ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குக் குருவியளைத் தாறனெண்டு சொல்லிப்போட்டன்."

"ஆற்ற குருவியளை?"

"எங்கட."

"எங்கடயோ? இல்லாட்டி என்ரயோ?"

"இஞ்ச பாரும். வெள்ளைக்காரன் அடைச்சு வைச்ச குருவி. அதை நாங்கள் திறந்து விடுறம். இதைவிடப் பொருத்தமா வேற என்ன இருக்கு?"

"காகம் இருக்கு" என்றாள் மாகிரட்.

"அதுகளின்ர ஊரில பருந்து இல்லையோ? அங்க சீவிக்கேல்லையோ?"

"அங்க ஆயிரக்கணக்கில சேந்து பறக்குமாம். துரைசாணி படம் காட்டினவ. பருந்து ஒண்டைத் தூக்கினா மற்றதுகள் தப்பிப் போகும். இஞ்ச மொத்தமே ரெண்டுதான். காகம் எதை விட்டிட்டு எதைத் தூக்கும்?"

பேணாட் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான். "நாங்களும் டொக்யார்டில ஆயிரக்கணக்கிலதான் இருந்தனாங்கள்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேலை போனாப்பிறகு ரோட்டில ஒருத்தற்ற முகத்தையும் பாக்க ஏலாமக் கிடக்கு. அண்டைக்கு ஒரு நாளாவது மேடையில ஏறி நிக்க விடும், மாகிரட்" என்றான்.

அவளுக்கு அவன்மேல் வந்த கோபம் அப்படியேதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இரக்கமும் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கினால் பெண்சாதிக்கு நித்திரை போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பேணாட் திறந்துவிடட்டும். குருவிகள் எழும்பட்டும், சனம் கைதட்டட்டும். காகம் சுதாகரிப்பதற்குள் மேடைக்குக் கீழே நின்று அவள் பேணியை ஆட்டுவாள். இரண்டும் அவள் கைக்கு வந்துவிடும். புருஷனுடைய முகமும் தப்பும், குருவியுடைய உயிரும் தப்பும். இதைப் பேணாட்டுக்கு அவள் சொல்லவில்லை. சொன்னால் அதையும் சங்கத்தில் போய்த் தீர்மானமாக்கி விடுவான்.

7

விழா நன்றாகத்தான் நடந்தது. கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு வந்து மேடைத் தோரணத்தைத் தின்றுகொண்டிருந்தன. அவற்றை ஒருவரும் கட்டி வைக்கவும் இல்லை, அவிழ்த்து விடவும் இல்லை. அவற்றுக்காக ஒருவரும் விழா எடுக்கவும் இல்லை. சனத்துக்குக் கடலை கொடுத்தார்கள். கடலைக்குக் காகங்கள் வந்தன. வந்தவை மேடைக் கம்புகளில் வரிசையாக இருந்துகொண்டு தலைமையுரையைக் கேட்டன.

பேணாட் கழுத்தில் மாலையோடு, கூட்டைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தான். யேசுரட்ணம் "பறந்து செல்லுங்கள்!" என்று முழங்கினார். பாண்ட் வாத்தியம் எழும்பியது. பேணாட் கதவைத் திறந்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.

பச்சையன் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நீலி கண்ணாடிக்குள் இருந்த நீலியோடு ஒட்டிக்கொண்டது. பாண்ட் மறுபடி முதலிலிருந்து வாசித்தது. தலைவர் பொறுமையிழந்து கூட்டுக்குள் கையை விட்டார். பச்சையன் அவர் விரலைக் கௌவிப் பிடித்தது. மைக்குக்கு முன்னால் அவர் சொன்ன வார்த்தையைச் சுதந்திர தின மலரில் போட ஏலாது.

சனம் சிரிக்கத் தொடங்கியது. பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "பேணாட் அண்ணை! அதுகளும் டொக்யார்டை விட்டுப் போகமாட்டமெண்டுதுகள்!"

அந்தச் சிரிப்பு முன்வரிசைக்கும் வந்துவிட்டது. பேணாட் முழந்தாளிட்டுக் கூட்டைச் சரித்தான், மெல்லத் தட்டினான், "வாங்கோ, வாங்கோ" என்று கெஞ்சினான். மாலை நழுவிக் கண்ணை மறைத்தது. அதை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தபோது மேடைக்குக் கீழே நின்ற மாகிரட்டைக் கண்டான். அவள் கையிலிருந்த பேணியையும் கண்டான். கண்ணால் மட்டும் கேட்டான்: ஆட்டும்.

திரும்பக் கூப்பிடக் கொண்டுவந்த பேணி. இப்போது வெளியே வரவழைக்க வேறு வழியே இல்லை. ஆட்டினால் குருவிகள் வரும், சிரிப்பு நிற்கும், அவள் புருஷன் மனுஷனாக வீட்டுக்கு வருவான். ஆனால் கூட்டுக்கும் அவள் கைக்கும் நடுவில் காகங்கள் இப்போது முழு விழிப்போடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன.

மாகிரட்...

8

இந்த இடத்தில் கதிரையிலிருந்து குரல் வந்தது. "சோறு அடிப்பிடிக்குது."

மாகிரட் அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். எனக்கு ஒரு மணமும் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பம்பையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முடிவு அ (பத்திரிகை ஆசிரியருக்கு): பேணி ஒலிக்கிறது. இரண்டு குருவிகளும் விண்ணில் எழுகின்றன. காகங்கள் வெட்கித் தலைகுனிகின்றன. தூரத்தில் தேசியக்கொடி...

முடிவு ஆ (என் முற்போக்கு நண்பர்களுக்கு): பேணி ஒலிக்கிறது. காகம். மேடையில் ஒரு நீல இறகு. அதன்மேல் ஒரு துளி...

முடிவு இ (பெண்கள் பகுதிக்கு): மாகிரட் பேணியை வீசி எறிந்துவிட்டு மேடையேறி, கூட்டின் கதவைத் தன் கையாலேயே அடைத்துச் சனத்தைப் பார்த்து...

மூன்றும் கேவலமாக இருந்தன. மறுநாள் பம்பைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டில் போய் நேராகவே கேட்டேன்.

"பேந்து என்ன நடந்தது அம்மா? ஆட்டினனீங்களோ?"

அவர் கையைச் சீலையில் துடைத்தார். "நீங்களெண்டா என்ன செய்திருப்பியள் மாஸ்டர்? குருவியோ, மனிசனோ?"

"அது... சந்தர்ப்பத்தைப் பொறுத்து..."

"சந்தர்ப்பத்தைத்தானே நேற்று முழுக்கச் சொன்னனான்."

நான் பம்பை விறாந்தைச் சுவரில் சாத்தி வைத்தேன். அப்போது பேணாட் ஐயா கதிரையிலிருந்து எழும்பினார். கூட்டுக்கு மேலே துருப்பிடித்த ஒரு பேணி இருந்தது. படமெல்லாம் உதிர்ந்து போயிருந்தது. அதை எடுத்து ஒரேயொரு தரம், மிக மெதுவாக ஆட்டினார். பச்சையும் நீலமும் ஓடி அவர் பக்கம் வந்தன. கிண்ணத்தில் தினையைப் போட்டுவிட்டு, எங்கள் இருவரையும் பாராமல் மறுபடி போய் இருந்துகொண்டார். மாகிரட் அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இதை வைத்து ஒரு முடிவை ஊகிக்கலாம். அதற்கு நேரெதிரான முடிவையும் இதை வைத்தே ஊகிக்கலாம். இரண்டு இரவு முயன்றும் என்னால் தெரிவு செய்ய முடியவில்லை. கூட்டைத் திறந்துவிடச் சொல்லி முதலில் கேட்டவனே நான்தான் என்பது வேறு உறுத்துகிறது. நீங்களும் முதல் பக்கத்திலேயே அதைத்தான் நினைத்திருப்பீர்கள். என்னிடம் மறைக்க வேண்டாம்.

ஆகவே பேணியைப் பிடியுங்கள். பாரமில்லை, கால்வாசித் தினைதான். பாண்ட் வாத்தியம் ஓய்ந்துவிட்டது, சனம் சிரிக்கிறது, காகங்கள் குனிந்து பார்க்கின்றன. மேடையில் முழந்தாளில் நிற்கிற மனிதன் உங்களைத்தான் பார்க்கிறான்.