சிரித்தவர்களில் ஒருத்தி

புத்தளம் பக்கத்து முந்தலுக்கு அருகே இருந்த அந்த இறால் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. முந்திய நாள் ஆகக் குறைவாக இறால் உரித்தவள் மறுநாள் முழுக்கச் சிவப்புத் தொப்பி போட வேண்டும். மற்ற எல்லோருக்கும் வெள்ளைத் தொப்பி. இதைக் கொண்டு வந்தவன் சுப்பவைசர் றொபி. வெட்கம் வந்தால் கை வேகமாக ஓடும் என்று அவன் சொல்லுவான்.

றிஸானா அங்கே ஆறு வருடமாக வேலை செய்தாள். சின்னக் கத்தியோடு ஐஸ் தண்ணீருக்குள் கைவைத்தபடி ஒன்பது மணித்தியாலம் நிற்க வேண்டும். அவள் ஒரு நாளும் பின்தங்கியதில்லை. ஆனால் மழை தொடங்கிய மாதத்தில், றொபியின் காலடிச் சத்தம் கேட்டாலே அவளுடைய கை ஓட மறுத்தது. மூன்று நாள் தொடர்ந்து சிவப்புத் தொப்பி அவளுக்கே வந்தது.

மேசையில் எல்லோருடைய பங்கும் முடியாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அதனால் மற்றப் பெண்களும் அவளை வெறுத்தார்கள்.

"இவளால எங்கட பஸ்ஸும் போயிட்டுது" என்றாள் எதிரே நின்றவள்.

"அகதிக் காம்ப்ல நிவாரணம் திண்டு வளந்த கை. எப்பிடி ஓடும்?" என்றாள் இன்னொருத்தி.

றிஸானாவின் வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து புலிகளால் துரத்தப்பட்டவர்கள். அவள் பிறந்ததே புத்தளத்து முகாமில்தான். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். றொபியும் நின்று சிரித்துவிட்டுப் போனான்.

வீட்டில் அவள் நித்திரை கொள்வதில்லை. காலையில் பஸ் தரிப்பிடத்தில் நின்று வாந்தி எடுத்தாள். ஒருநாள் பால் கொட்டியதற்காக ஆறு வயது மகளைச் சுவரோடு தள்ளிவிட்டாள். பிள்ளையின் நெற்றி வீங்கியதைக் கண்ட கணவன் நஸீர், அடுத்த நாளே அவளை ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். டொக்டர் நிறையக் கேட்டார். குளிசை கொடுத்து, வேறு பிரிவில் வேலை கொடுக்கச் சொல்லி ஒரு கடிதமும் எழுதினார்.

அவள் கொண்டுபோய்க் கொடுத்த அந்தக் கடிதத்தை றொபி மேசைக்கு முன்னால் நின்று சத்தமாக வாசித்தான்.

"கேட்டீங்களா? விசருக்கு மருந்து எடுக்கிறாளாம். இவளிட்டத்தான் நாங்க கத்தி குடுத்து வச்சிருக்கிறம்."

"கடிதத்தைத் தாங்க" என்றாள் றிஸானா.

"தொப்பியைப் போட்டுட்டு வேலையப் பாரடி."

அவள் கடிதத்தை அவன் கையிலிருந்து பறித்துக்கொண்டு, கேற்றைத் தாண்டி வெளியே போனாள். அங்கிருந்து நேரே தொழில் அலுவலகத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்தாள். எழுதிக்கொண்ட உத்தியோகத்தர், அடுத்த திங்கட்கிழமை விசாரணை என்றார். உன்னைப் போலப் பாதிக்கப்பட்ட வேறு யாராவது வந்து சொன்னால்தான் முறைப்பாடு எடுபடும் என்றும் சொன்னார். வேலையில் இருந்த ஒருத்தியும் வர மாட்டாள். றிஸானாவுக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரியும்.

ஃபஹ்மியா. இரண்டு வருடத்துக்கு முன் ஏழு நாள் தொடர்ந்து சிவப்புத் தொப்பி போட்டு, அழுதபடி வேலையை விட்டுப் போனவள்.

மாம்புரியில் அவளுடைய வீட்டைத் தேடிப் பிடித்தபோது, ஃபஹ்மியா கேற்றைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"இப்ப உங்களுக்கு வந்த பொறகு நோகுதா தாத்தா?" என்றாள். அக்காமாரை அங்கே தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நீங்க வந்து சொன்னா..."

"ஏழாம் நாள் நான் போட மாட்டனெண்டு நிண்டன். றொபி உங்களிட்டக் குடுத்தான். எண்ட தலையில வச்சு அழுத்தினது ஆரு? அழுத்திட்டுச் சிரிச்சது ஆரு?"

றிஸானா கேற்றை விட்டு ஒரு அடி பின்னால் போனாள்.

"எட்டு மாசம் நான் இந்த வாசலத் தாண்டல. பேசி வச்ச கலியாணமும் நிண்டுட்டுது. பைத்தியமெண்டு ஊருக்கே சொல்லிட்டாங்க. போங்க. இனி இங்கால வராதீங்க."

அவள் கதவைச் சாத்திய சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

திங்கட்கிழமை றிஸானா தனியாகத்தான் போனாள். தொழில் அலுவலக விறாந்தையில் போட்டிருந்த நீள வாங்கில் ஃபஹ்மியா உட்கார்ந்திருந்தாள். றிஸானா சலாம் சொன்னாள். ஃபஹ்மியா வாய்க்குள் பதில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தொழிற்சாலையிலிருந்து வந்த மனேஜர், அப்படியொரு வழக்கமே இல்லை என்றார். றொபி தலையாட்டினான். ஃபஹ்மியா எழுந்து ஏழு நாளையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் றிஸானாவைக் கைகாட்டினாள்.

"பலவந்தமாத் தொப்பிய வச்சது இந்தத் தாத்தா. அதையும் எழுதுங்க சேர்."

உத்தியோகத்தர் றிஸானாவைப் பார்த்தார். நஸீர் சொல்லியனுப்பியது அவளுக்கு ஞாபகம் வந்தது: உனக்கெதிரா நீயே ஒண்டும் சொல்லிராத.

"ஓம்" என்றாள் றிஸானா. "நான்தான் வச்சன். றொபி பாத்துக்கொண்டு நிண்டான்."

அந்த வார்த்தைக்குப் பிறகு மனேஜரால் எதையும் மறுக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் றிஸானா, "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க ஃபஹ்மியா" என்றாள்.

"உங்களுக்காக நான் வரல்ல. எனக்கு இன்னும் உங்களக் கண்டா வயிறு எரியுது" என்று சொல்லிவிட்டு ஃபஹ்மியா வீதியைக் கடந்து போனாள்.

அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. றொபியைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். றிஸானாவுக்குப் பொதி கட்டும் பிரிவில் இடம் கிடைத்தது. அங்கே அவளோடு யாரும் கதைப்பதில்லை, சாப்பிடும்போது அவளுக்குப் பக்கத்துக் கதிரை காலியாகவே கிடக்கும். குளிசை போட்டால் நாலு மணித்தியாலம் நித்திரை வருகிறது. மகள் இப்போதும் அவள் கையை உயர்த்தினால் ஒதுங்குகிறாள். தலை வாரிவிடுவதற்குக்கூட, முதலில் சொல்லிவிட்டுத்தான் றிஸானா கையை நீட்டுகிறாள்.