காற்றுப் பக்கம் யார் உட்காருவது?

லோடு ஆட்டோ ஓட்ட உரிமம் வாங்கிய பிறகு என் மனைவி சத்யா குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போன முதல் பயணம் அது. தை மாதம், கடல் பக்கமிருந்து வாடைக் காற்று. கோட்டைக்குப்பத்திலிருந்து கடலோரச் சாலையில் தெற்கே, அவள் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். நான்கு வயது மகள் கலைவாணிக்கு மொட்டை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் அடித்துக்கொள்ள வேண்டும். அதனால் ஏரியில் பாய்மரப் படகு ஓட்டும் சத்யாவின் அண்ணன் தசரதனும் சீர் அரிசி மூட்டையோடு ஏறினார்.

"மூணு சக்கரத்த நம்பி புள்ளைய ஏத்துறீங்க. தோ பாரு சத்யா, ஒரு வாட்டி ஆடுச்சு, கொயந்தைய தூக்கிகினு பஸ்ல பூடுவேன்," என்றார் மச்சான்.

மகள் தன் வண்டியிலேயே கோயில் வாசலில் இறங்க வேண்டும் என்பது சத்யாவின் ஆசை. வண்டியைக் கிளப்பினாள்.

குழந்தைக்கு வெயில் படுமென்று மச்சானே கடல் பக்கம் ஒரு தார்ப்பாயை விறைப்பாகக் கட்டியிருந்தார். படகுக்காரர் கட்டு, அவிழவே அவிழாது. பாலம் தாண்டித் திறந்த வெளிக்கு வந்ததும் அது புடைத்தது. வண்டி சாலையின் மறுபுறம் ஓடும் கால்வாய்ப் பக்கம் இழுத்தது.

"நைனா, படகு மாதிரி ஆடுது!" என்று கலைவாணி கை தட்டினாள்.

"நிறுத்து! நான் சொன்னேன்ல?" என்றார் மச்சான்.

சத்யா ஓரமாக நிறுத்தி இறங்கி வந்தாள். "ண்ணா, ஏரில காத்து ஏறுச்சுன்னா இன்னா பண்ணுவ?"

"படகுப் பாய எறக்குவேன்."

"அப்ப எறக்கு. நீ கட்னது பாயிதான்."

உண்மைதான். படகைக் காற்று பக்கவாட்டில் தள்ளினாலும் அடியிலுள்ள தண்ணீர் பிடித்துக்கொள்ளும். சாலையில் அப்படிப் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. முன்னால் இருப்பது ஒற்றைச் சக்கரம். அதுதான் முதலில் விலகும்.

மச்சான் முணுமுணுத்தபடி முடிச்சை அவிழ்த்தார்.

"மூட்டைய கடல் பக்கம் நகர்த்து. நீயும் அங்கயே குந்து," என்றாள். படகிலும் காற்று வரும் பக்கம்தான் ஆட்கள் உட்காருவார்கள். அந்தப் பாரம் சாயவிடாது. மச்சான் மூட்டையோடு நகர்ந்தார். குழந்தையின் தலைக்குத் தன் துண்டைப் போர்த்தினார்.

அடுத்தது சவுக்குத் தோப்பு. மரங்கள் காற்றை மறைக்கும் வரை சுகம்தான். தோப்பு முடியும் இடத்தில் ஒரே அறையாக அறையும். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சத்யா அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்திருந்தாள். கடைசி மரம் தாண்டியதும் ஹேண்டிலைக் கடல் பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடித்தாள். காற்று அறைந்தது. வண்டி நேராகப் போனது.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கோயில் வாசலில் அவள் வண்டியிலிருந்துதான் கலைவாணி இறங்கினாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தபோது, பஸ் எத்தனை மணிக்கு என்று யாரோ மச்சானைக் கேட்டார்கள்.

"பஸ்ஸா? என் தங்கச்சி வண்டி இருக்குதுபா," என்றார் அவர். அப்புறம் என்னிடம் திரும்பி, "மாப்ள, திரும்பி போறப்ப காத்துப் பக்கம் என் எடம். வேற எவனும் குந்தக் கூடாது, சொல்லிட்டேன்."