குசினிப் பரணில் இருந்த பலாப்பலகை

என் மனைவி சுபைறா குவைத்துக்கு வேலைக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனது. வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. அதில் மிஞ்சியது நானும் அவளுடைய உம்மாவும். எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் போய்விட்டாள். மாமி சோற்றை மூடி வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவா. சொல்ல ஏதும் இருந்தால் பூனையிடம் சொல்லுவா.

“பூனை, சீனி முடிஞ்சிட்டு எண்டு அவருக்குச் சொல்லு.”

எனக்குக் கல்முனை நெல் ஆலையில் இரவுக் காவல். பகலில் தூக்கம் வராது. காரைதீவுச் சங்கீத வாத்தியார் அழகரெத்தினம் உடைந்த வயலின் ஒன்றைத் தந்திருந்தார். அதைப் பிரித்து, அளவெடுத்து, புதிதாக ஒன்று செய்துகொண்டிருந்தேன். கழுத்தும் மேல்பலகையும் முடிந்துவிட்டன. அதன் முதுகுப் பக்கத்துக்கு ஒரு பலாப்பலகை வைத்திருந்தேன். என் வாப்பா அறுத்துப் போட்டது. பதினெட்டு வருசம் காய்ந்தது. அதில் கடைசி ஆறு வருசம் இந்தக் குசினிப் பரணில் அடுப்புப் புகை குடித்தது. தட்டினால் வெண்கலச் சட்டி மாதிரிக் கேட்கும். இன்னொன்றை அப்படிக் காயவைப்பதற்குள் நான் கிழவனாகிவிடுவேன். இதையெல்லாம் மாமியிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒருநாள் காலை பரணில் பலகை இல்லை. கிணற்றடியில் கிடந்தது. மாமி அதன்மேல் நின்று உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தா. பலகையின் ஓரம்வரை தண்ணீர் ஊறியிருந்தது.

“பூனை, கிணத்தடி சறுக்குது. சும்மா கிடந்த பலகையப் போட்டிருக்கன் எண்டு சொல்லு.”

பூனை அங்கே இல்லை. நான் மாமியை நேரே பார்த்து, “ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே? கண் தெரியாதா உங்களுக்கு?” என்று கத்தினேன்.

யாரிடம் கேட்பது என்று அவ திருப்பிக் கேட்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனா. பகல் பஸ்ஸில் பாலமுனைக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டா.

பலகையை நிழலில் சாய்த்து வைத்தேன். தினமும் தட்டிப் பார்த்தேன். வீட்டில் வேறு சத்தம் இல்லாததால் தெளிவாகக் கேட்டது. நனைந்த சாக்கைத் தட்டுகிற சத்தம். நாலாம் வாரம் முறுகி, நடுவால் வெடித்தது.

அதே வாரம் சுபைறாவின் கடிதமும் வந்தது. உம்மா ஏன் பாலமுனையில் என்று கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பஸ் ஏறினேன்.

மாமியின் தங்கச்சி கமீலா சாச்சி வாசலில் நின்றா. மாமி கதவுக்குப் பின்னால்.

“வாங்க மகன். இனிப் பூனைக்குப் பதிலா நானா?” என்றா சாச்சி.

“மாமிய வீட்ட வரச் சொல்லுங்க சாச்சி.”

 உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அந்தப் பலகை காஞ்சிட்டா எண்டு கேளுகா.”

சாச்சி என்னைப் பார்த்தா. இதற்கு என்ன பதில் சொல்கிறேனோ அதை வைத்துத்தான் மாமி வருவா என்று விளங்கியது.

“ஓம், காஞ்சிட்டு. பழுதொண்டும் இல்ல எண்டு சொல்லுங்க.”

உள்ளே பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது. பஸ்ஸில் மாமி முன்னால் இருந்தா, நான் கடைசி ஆசனத்தில். கல்முனை வரும்வரை, வெடித்த பலகையை எங்கே ஒளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.