மாஸ்டர் பக்கத்து பிரேக்

என் கணவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஸ்கூல் என்றால் ஒரு சின்ன அறை, சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சிட்ட அட்டை, ஒரு மேஜை, வாசலில் ஒரு கார், அவ்வளவுதான். அந்தக் காரில் மற்ற கார்களில் இல்லாத ஒன்று உண்டு. வலப்பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு ஒரு பிரேக் என்றால், இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் காலடியிலும் இன்னொரு பிரேக். அவர் மறந்தால் இவர் போடுவார். அவர்கள் மறந்துகொண்டே இருந்தார்கள், இவர் போட்டுக்கொண்டே இருந்தார். அதுதான் எங்கள் வீட்டு வருமானம்.

ஊரே அவரை மாஸ்டர் என்றது. கல்யாணமான புதிதில் நான் மட்டும் "என்னங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவே மாட்டார். "மாஸ்டர்" என்றால் உடனே திரும்புவார். சரி, திரும்பினால் போதும் என்று நானும் மாஸ்டர் என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் பயணங்கள் எல்லாமே சிவப்பு எல் போர்டோடுதான் நடந்தன. தேனிலவுக்கே வண்டி ஓட்டியது ஒரு பாங்க் கேஷியர். அவருக்கு மலைப்பாதைப் பயிற்சி பாக்கி இருந்தது, எங்களுக்குத் தேனிலவு பாக்கி இருந்தது, இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று மாஸ்டர் கணக்குப் போட்டார். ஒவ்வொரு வளைவிலும் கேஷியர் கடவுளைக் கூப்பிட்டார், மாஸ்டர் கிளட்ச்சைக் கூப்பிட்டார். பின் சீட்டில் இருந்த என்னை யாரும் கூப்பிடவில்லை.

இதில் ஒரு விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. இத்தனை வருடம் காரிலேயே வாழ்ந்த மனிதர் தானே ஸ்டியரிங்கைப் பிடித்தது மிகக் குறைவு. எங்கே போவதானாலும் ஓட்ட ஒரு மாணவர் இருந்தார். இன்னொன்று, ஓடும் வண்டியில் அவர் கண்மூடி நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸானாலும் ரயிலானாலும் விழித்துக்கொண்டு, கால் தரையை மிதித்தபடியே வருவார். "எவன் எப்போ பிரேக்க மறப்பான்னு யாருக்குத் தெரியும்?" என்பார். ரயிலில் யாருங்க மறப்பாங்க என்று கேட்டால், "ரயில்லதாம்மா பெரிய பிரேக்கு" என்பார்.

அக்கா கதைக்கு வருகிறேன். அக்காதான் முதலில் அவரிடம் வண்டி கற்றுக்கொள்ளப் போனாள். துணைக்கு நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். கடைசியில் அக்காவுக்கு வண்டி வரவில்லை, எனக்கு மாப்பிள்ளை வந்தார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நிச்சயமான வாரம், அக்கா வண்டியைப் பின்னால் எடுத்து ஒரு தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டு இறங்கி நிற்கும்போது, மற்ற மாணவர்கள் முன்னாலேயே மாஸ்டர் சொல்லிவிட்டார்: "மேடம், உங்களுக்கு வண்டி வராது. நீங்க வேற ஏதாவது கத்துக்கங்க."

கற்றுக்கொள்கிற பெண்கள் எல்லாரையும் அவர் மேடம் என்றுதான் கூப்பிடுவார். அன்றோடு அக்கா அவரிடம் பேச்சை நிறுத்தினாள். எங்கள் கல்யாணத்தில் வந்து வாழ்த்தியபோதுகூட என்னைப் பார்த்து, "உன் வீட்டுக்காரரை நல்லா இருக்கச் சொல்லு" என்றாள்.

பிறகு அத்தானோடு வெளிநாடு போய்விட்டாள். சில வருடம் கழித்து டிரைவிங் ஸ்கூல் முகவரிக்கு ஒரு போட்டோ வந்தது. பெரிய மஞ்சள் பஸ், ஓட்டுநர் சீட்டில் சீருடையில் அக்கா. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை! பின்னால் ஒரு வார்த்தை எழுதவில்லை. மாஸ்டர் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நிறுத்தி வச்ச வண்டியில ஏறி உக்காந்து யாரு வேணா போஸ் குடுக்கலாம்."

இதை நான் அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அவள் ஓய்வு பெற்ற வருடம் போன் செய்தாள். "ரெண்டு பேரும் வாங்க, ஊரைச் சுத்திக் காட்டறேன். ஆனா ஒண்ணு. உன் வீட்டுக்காரர் என் வண்டியில உக்காரணும். எனக்கு வண்டி வரும்னு அவர் வாயால சொல்லணும். சொல்லலேன்னா இதோட சரிடி. அப்புறம் எனக்குப் போன்கூடப் பண்ணாத."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். குரல் அப்படி இல்லை. அத்தானும் காலமாகிவிட்டிருந்தார், தனியாக இருந்து இருந்து மனசில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டாள். எனக்கு இருந்தது ஒரே அக்கா, ஒரே கணவர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் எங்கே போவது?

மாஸ்டரிடம் கெஞ்சினேன். "ஒரு வார்த்தைதானே? சொல்லிட்டுப் போங்களேன்."

"பொய் லைசென்ஸ் குடுக்கச் சொல்றியா?" என்றார். ஆனால் பெட்டியைக் கட்டினார். வெளிநாட்டிலும் செல்லும் லைசென்ஸ் ஒன்றையும் வாங்கி, அதைச் சட்டைப் பையில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

விமானம் தரையைத் தொட்டபோது அவர் மிதித்த மிதியில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தார். விமானம் நின்றதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதுபோல மாஸ்டர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அக்கா வெளியே காருடன் நின்றிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள், அழுதாள், மூக்கைத் துடைத்தாள். பிறகு, "உன் வீட்டுக்காரரைப் பெட்டியப் பின்னாடி வைக்கச் சொல்லு" என்றாள்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்ற மாஸ்டர், "வச்சாச்சுன்னு சொல்லு" என்றார்.

"வச்சாச்சாம்" என்றேன் நான். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க என்னை இத்தனை தூரம் விமானத்தில் வரவழைத்திருக்கிறார்கள்.

மாஸ்டர் நேரே முன்பக்கம் போய், வழக்கம்போல இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சுக்கு நேரே ஸ்டியரிங் இருப்பதைப் பார்த்தார். அந்த நாட்டில் அது அந்தப் பக்கம்தான்.

"என் சீட்டுல உக்காந்திருக்கார் உன் வீட்டுக்காரர்" என்றாள் அக்கா, சாவியை ஆட்டிக்கொண்டே.

தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லி இறங்கியிருக்கலாம். மாஸ்டர் தவறான சீட்டில் உட்கார்ந்தார் என்று சரித்திரத்தில் வரலாமா? "தெரிஞ்சுதான் உக்காந்தேன்னு சொல்லு. நான்தான் ஓட்டப் போறேன்."

அக்கா சாவியை என் கையில் வைத்தாள். "குடு. ஓட்டட்டும். நானும் பாக்கறேன்." சுற்றிப் போய் வலப்பக்கம் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். கடற்கரையில் ஒரு விடுதிக்குப் போவதாக ஏற்பாடு.

அது கியர் தானாக மாறும் வண்டி. கிளட்ச் கிடையாது. இது மாஸ்டருக்குத் தெரியும், அவருடைய இடது காலுக்குத் தெரியாது. அது பழக்கத்தில் கிளட்ச் என்று பிரேக்கை மிதித்தது. மூன்று பேரும் ஒன்றாக முன்னால் சாய்ந்து கும்பிட்டோம். வளைவில் இண்டிகேட்டர் விளக்குக்காக எதையோ தட்டினார், நல்ல வெயிலில் வைப்பர் இரண்டும் சரக் சரக் என்று ஆடின.

"மழை வருதான்னு கேளு" என்றாள் அக்கா.

"கண்ணாடியில தூசின்னு சொல்லு."

பெரிய சாலைக்கு வந்ததும் வண்டி ஒரு நிதானத்துக்கு வந்தது. அதுதான் வினையாகிப் போனது. நிதானம் வந்ததும் மாஸ்டரின் உடம்புக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டது. தான் உட்கார்ந்திருப்பது இடது சீட்டு. வலது சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு விறைப்பாக ஒரு பெண். இந்தக் காட்சியைத்தானே அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தார்? கைகள் மெல்ல ஸ்டியரிங்கிலிருந்து இறங்கி மடிக்கு வந்தன. அக்கா பக்கம் திரும்பி, அமைதியான அந்த வகுப்புக் குரலில் சொன்னார்:

"மேடம், கண்ணாடியப் பாருங்க. பின்னாடி லாரி வருது. அப்படியே லேசா ஓரம் வாங்க."

அக்கா என்ன செய்திருக்க வேண்டும்? சிரித்திருக்க வேண்டும், அல்லது திட்டியிருக்க வேண்டும். பஸ் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பனியிலும் மழையிலும் ஓட்டியவள், "சரி மாஸ்டர்" என்று சொல்லி, இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள்.

"வெறைப்பாப் பிடிக்காதீங்க. தோளத் தளர விடுங்க."

"விட்டுட்டேன் மாஸ்டர்."

"கிளட்ச்ச மெதுவா... மெதுவா விடுங்க."

"விடறேன் மாஸ்டர்."

இத்தனை வருடம் கழித்து இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தால், ஸ்டியரிங்கை யாருமே பிடித்திருக்கவில்லை. எதிரே சுங்கச்சாவடி. அதன் முன் ஆரஞ்சு நிறக் கூம்புகள் வரிசையாக நின்றன.

"யாராவது ஓட்டுங்களேன்!" என்று கத்தினேன்.

"மேடம், பிரேக்!" என்றார் மாஸ்டர்.

அக்கா ஓங்கித் தரையை மிதித்தாள். "புடிக்கல மாஸ்டர்!"

"நல்லா மிதிம்மா!"

"ஐயோ, பிரேக் உங்ககிட்ட இருக்கு மாஸ்டர்!"

அப்போதுதான் மாஸ்டர் இரண்டு காலாலும் மிதித்தார். கூம்புகள் தடதடவென்று சரிந்தன, கடைசியில் ஒன்று மட்டும் எங்கள் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டது. சாவடியில் இருந்த பெண் எங்களையும் கூம்புகளையும் மாறி மாறிப் பார்த்தாள். வைப்பர் மட்டும் சரக் சரக் என்று அவளுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.

மாஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நல்லவேளை, என் பக்கமும் ஒரு பிரேக் இருந்துச்சு."

"உங்க பக்கம் மட்டுந்தான் இருந்துச்சு" என்றாள் அக்கா.

இருவரும் இறங்கினார்கள். ஒருவர் வண்டிக்கு முன்பக்கமும் ஒருவர் பின்பக்கமும் படுத்துக்கொண்டு கூம்பை இழுத்தார்கள். "உங்க பக்கம் தள்ளுங்க மேடம்," "நீங்க இழுங்க மாஸ்டர்" என்று சத்தம் மட்டும் கேட்டது. மொழிபெயர்ப்பாளருக்கு வேலை போய்விட்டது. சாவடிப் பெண்ணிடம் அக்கா அந்த ஊர் மொழியில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் மாஸ்டரைப் பரிதாபமாகப் பார்த்து, ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். என்ன சொன்னாள் என்று அக்கா கடைசி வரை சொல்லவில்லை.

அதன்பிறகு அக்கா ஓட்டினாள். மாஸ்டர் வலது சீட்டில். அங்கே ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. காலை நீட்டித் தேடினார், மடக்கித் தேடினார், கடைசியில் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, பள்ளியில் முதல் நாள் உட்கார்ந்த பிள்ளைபோல இருந்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காது முழுக்க அந்தப் பக்கம்தான் இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். நானும்தான். சொல்லிவிடுங்களேன் என்று பின்னாலிருந்து அவர் சீட்டை முழங்காலால் இடித்தேன்.

சாலை வளைந்தது, இறங்கியது, மரங்கள் வந்தன. அக்கா வண்டியை எடுத்துப்போன விதத்தில் என் மடியில் இருந்த தண்ணீர் பாட்டில்கூட அசையவில்லை. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் முகம் இறுகத் தொடங்கியது. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பாத்தியாடி? பூட்டின வாய்" என்றாள்.

பதிலுக்கு ஒரு சத்தம் வந்தது. முதலில் இன்ஜினில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். மாஸ்டரின் தலை ஜன்னல் கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது. கால் இரண்டும் தளர்ந்து கிடந்தன.

"அக்கா," என்றேன், "தூங்கறார்."

"தூங்கறாரா? நான் ஓட்டறதப் பாக்காமயே தூங்கறாரா?"

"ஓடற வண்டியில இவர் தூங்கி நான் பாத்ததே இல்லக்கா. பஸ்ல தூங்கினதில்ல. ரயில்ல தூங்கினதில்ல. நேத்து ராத்திரி அவ்வளவு பெரிய பிளேன், அதுல தூங்கல."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். குறட்டை ஏறி இறங்கியது. பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாயால சொல்லணும்னேன்ல?" என்றாள். "சொல்றார் பாரு, எவ்வளவு சத்தமா சொல்றார்."

விடுதி வாசலில் வண்டி நின்றதும் மாஸ்டர் விழித்தார். இறங்கினார், வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தார், சக்கரத்தைப் பார்த்தார், தரையில் போட்டிருந்த கோட்டைப் பார்த்தார். "பார்க்கிங் கொஞ்சம் கோணல், மேடம்" என்றார்.

அதற்குப் பிறகு இருவரும் எனக்கு அலுக்கும் அளவுக்குப் பேசினார்கள். வாரா வாரம் போன் வரும், "மாஸ்டர் இருக்காரா?" என்பாள் அக்கா. நான் இருக்கிறேனா என்று கேட்கமாட்டாள்.

பிறகு ஒரு நாள் மாஸ்டர் போய்விட்டார். வீட்டில், மதியத் தூக்கத்தில். காரியத்துக்கு வந்த அக்கா எல்லாம் முடிந்த பிறகும் என்னோடு தங்கியிருந்தாள். டிரைவிங் ஸ்கூல் அறையைக் காலி செய்தோம். கார் மட்டும் வாசலில் நின்றது, எல் போர்டைக் கழற்ற மனசு வரவில்லை. ஒரு நாள் அக்கா, "வாடி, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று சாவியை எடுத்தாள். அவள் வலப்பக்கம் ஏறினாள். நான் இடப்பக்கம். அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. குழி விழுந்திருந்தது. நான் அந்தக் குழிக்குள் சரியாகப் பொருந்தவில்லை.

காலை நீட்டினேன். மாஸ்டரின் பிரேக் கிடைத்தது. ரப்பர் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அக்கா அழகாக ஓட்டிக்கொண்டிருந்தாள், முன்னால் சாலை காலி, ஒரு காக்கைகூட இல்லை.

மிதித்தேன்.

வண்டி துள்ளி நின்றது. அக்கா ஸ்டியரிங்கில் மோதாத குறை.

"ஐயோ, மாஸ்டர்!" என்று கத்தினாள், பழக்கத்தில். பிறகு என் காலைப் பார்த்தாள். "ஏன்டி போட்ட? எதிர்ல யாருமே இல்லையே!"

"கை ரெண்டும் வெறைப்பா இருக்கு, மேடம்," என்றேன். "தோளத் தளர விடுங்க."