மிசினுக்கு ஒரு பங்கு

கிழக்கு வெளுக்கும் முன்பே கயிறு இறுகிவிட்டது. திருகோணமலைப் பக்கத்துச் சல்லிக்கு வடக்கே, அந்த நீண்ட மணற்கரையில், முன்பெல்லாம் ஊரே திரண்டு நின்று கரைவலை இழுக்கும். இப்போது இரண்டு உழவு இயந்திரங்கள் புகை கக்கி நிற்க, அவற்றின் பின்னால் பூட்டிய இரும்பு உருளைகள் வலைக்கயிற்றைச் சுற்றி இழுத்தன. மனிதருக்கு மிஞ்சியது, ஈரக்கயிறு உருளையில் சிக்காமல் கையால் வழிகாட்டுவதும், மீன் நிறைந்த மடி கரைக்கு வந்ததும் தோள்கொடுத்துத் தூக்குவதும்தான். உப்பும் மணலும் ஏறிய கயிறு உள்ளங்கையை அரம்போல ராவியது.

மீனை வகைவகையாகத் தெரிந்தெடுக்க வந்த பெண்களோடு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள் இன்பமலர். உருளைக்குப் பக்கத்தில் அவள் புருசன் அல்பிரட்.

"முதலாளி, கயிறு பிரியுது! மிசினை நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

"மடி வாற நேரத்தில நிப்பாட்டுறதோ? மீன் பாய்ஞ்சு போயிடும். இழு, இழு!" வலைக்குச் சொந்தக்காரரான இரத்தினசிங்கம் முதலாளி மடக்கிய குடையை ஆட்டினார்.

கயிறு அறுந்தது. அறுந்த முனை சுழன்று வந்து அல்பிரட்டின் வலது கையைச் சுருட்டி உருளைக்குள் கொண்டுபோனது. இன்பமலர் கூடையை எறிந்துவிட்டு ஓடினாள். யாரோ இயந்திரத்தை நிறுத்தும்போது உருளையும் நெளிந்திருந்தது. மீன்கள் கடலுக்கே திரும்பிப் போயின.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் கையை முழங்கைக்கு மேலே எடுத்தார்கள்.

அவன் வீடு வந்த கிழமை கரையில் பங்கு பிரித்தார்கள். வழமைபோல வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு, மிசினுக்கு ஒரு பங்கு என மூன்றும் முதலாளிக்குப் போயின. இம்முறை அதற்கு மேலே இன்னொன்றும் வந்தது.

"உருளை நெளிஞ்சு கிடக்கு. திருத்துக்கூலி ஆர் தாறது? உங்கட பங்கிலதான் கழிக்கோணும்," என்றார் முதலாளி.

"அல்பிரட்டுக்கு?" என்று கேட்டான் கயிறு இழுக்கும் இளைஞன் கிருஷாந்த்.

"அவன் எங்க வேலைக்கு வந்தவன்? கயிறு பிடிச்சவனுக்குத்தான் பங்கு. உங்கட அப்பன்மார் காலத்து வழக்கமடா, நான் கண்டுபிடிச்சதில்லை."

அதற்குப் பிறகுதான் கிருஷாந்த் சங்கக் கதையைத் தொடங்கினான். திரியாய் ஊரில் ஒருவர் கிழிந்த கரைவலை ஒன்றைத் தவணைக்குத் தரச் சம்மதித்திருந்தார். கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தால், கரையில் வலை போடும் உரிமைக்கும் மனுக் கொடுக்கலாம். பதிவதற்குப் பத்துப் பேர் வேண்டும். துணிந்தவர்கள் ஒன்பது பேர். பத்தாவது ஆளுக்காக அல்பிரட்டிடம் வந்து கேட்டுப் போனான்.

அதை மோப்பம் பிடித்ததுபோல மறுநாளே முதலாளி வீட்டு வாசலில் வந்து நின்றார். இன்பமலர் கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"அல்பிரட், வலை வைக்கிற வாடியில காவலுக்கு ஓராள் தேவை. இருந்த இடத்தில வேலை. மாதாமாதம் அரிசி வரும், கைச்செலவுக்கும் ஏதேன் வரும். ஒண்டே ஒண்டு, அந்தப் பெடியன்ர சங்கத்தில கையெழுத்து வையாதை. என்ன பிள்ளை, நான் சொல்லுறது சரிதானே?"

இன்பமலரின் பார்வை உள்ளே போனது. குசினியில் அரிசிப் பானை கவிழ்ந்து கிடந்தது.

"யோசிச்சுச் சொல்லுறன் முதலாளி," என்றான் அல்பிரட்.

பின்னேரம் தோணிக்கொட்டிலில் கூட்டம். சட்டையின் வெறும் கை காற்றில் ஆட, அல்பிரட் மணலில் குந்தினான். இன்பமலர் கொட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

"சங்கம் எண்டால் எனக்குச் சங்கக்கடைதான் ஞாபகம் வருது," என்று தொடங்கினார் வயதில் மூத்த பாக்கியரத்தினம். "முன்னால கியூவில நாங்கள், பின்கதவால சீனி கடை நடத்தினவையின்ர வீட்டுக்கு. பிறகொரு மீனவர் சங்கம் வந்தது. படகு தாறம் எண்டாங்கள். படகு ஆருக்குப் போனது? தலைவரின்ர மச்சானுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரியுங்கோ, ஆனால் கேளுங்கோ," என்றான் கிருஷாந்த். "அதெல்லாம் மேலயிருந்து இறக்கின சங்கம். பேர்தான் எங்கட, சாவி வேற ஆக்களிட்ட. இதில ஆளுக்கொரு வாக்கு. கூடக் காசு போட்டவனுக்கும் ஒண்டு, குறையப் போட்டவனுக்கும் ஒண்டு. கணக்கை எல்லாருக்கும் முன்னால வாசிக்கோணும். தலைவர் பிழை விட்டால் நாங்களே இறக்கலாம்."

"சரி, பங்கு எப்பிடி?"

"உழைச்ச உழைப்புக்கு ஏத்த மாதிரி."

"அப்ப அல்பிரட்டுக்கு?" பாக்கியரத்தினம் மணலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கோவிக்காத தம்பி. பேர் போடு, வாக்குப் போடு. பங்கு எண்டு வந்தால், கயிறு பிடிக்கிறவனுக்குத்தானே."

ஒருவரும் மறுக்கவில்லை. கிருஷாந்த்கூடத் தயங்கினான். "ஏதேன் உதவியா, இரக்கத்துக்கு, கொஞ்சம்..."

"இரக்கம் வேண்டாம்," என்று உள்ளே வந்தாள் இன்பமலர். "ஆள் எண்ணேக்க இவர் முழு மனிசன், பங்கு பிரிக்கேக்க அரை மனிசனோ?"

"பிள்ளை, வழக்கம்..."

"வழக்கத்தைத்தான் கேக்கிறன், பாக்கியண்ணை. வலைக்குப் பங்கு குடுத்தியள். அது கயிறு பிடிச்சதோ? தோணிக்குக் குடுத்தியள். மிசினுக்குக் குடுத்தியள். போன கிழமை அந்த மிசின் உடைஞ்சு கிடந்தது, அதுக்கும் குடுத்தியள்! உங்கட பிள்ளையளின்ர சோத்தில கழிச்சு உருளையைத் திருத்தினியள். அதே உருளைக்குள்ளதான் இவற்ர கையும் போனது. இரும்பு நெளிஞ்சால் பங்கு இருக்கு, மனிசன் முறிஞ்சால் இல்லையோ? அப்பிடியெண்டால் உங்கட சங்கத்துக்கும் இரத்தினசிங்கத்தாருக்கும் என்ன வித்தியாசம்?"

அல்பிரட் தலை குனிந்தான். அவன் தோள் குலுங்குவதைப் பாராதவர்போலப் பலர் முகத்தைத் திருப்பினார்கள்.

பாக்கியரத்தினம் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, காய்த்துப்போன தழும்புகளைப் பார்த்தார்.

"நாளைக்கு இது என்ர கையாயும் இருக்கும்," என்றார் மெதுவாக. "எழுதடா கிருஷாந்த். காயப்பட்டவனுக்கும் பங்கு. உதவியெண்டு எழுதாத, பங்கெண்டு எழுது."

"வாக்குக்கு விடுறன். சம்மதிக்கிறவை கை உயர்த்துங்கோ."

ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. அல்பிரட் மட்டும் உயர்த்தவில்லை.

"காவல் வேலை நிச்சயம். இது நிச்சயமில்லை," என்றான் மனைவியைப் பார்த்து. "அடுப்பு எரியாட்டி என்னைத் திட்டுவியோ?"

"திட்டுவன்," என்றாள். "வையுங்கோ கையெழுத்தை."

இடது கையால் அவன் எழுதிய பெயர் கோணல்மாணலாக ஓடியது.

செய்தி முதலாளியின் காதுக்குப் போக அதிக நேரம் எடுக்கவில்லை. மறுநாள் அதிகாலையில் வெருகல் பக்கமிருந்து வந்த புது ஆட்கள் கயிற்றுக்கு நின்றார்கள். "சங்கக்காரர் ஒருத்தரும் என்ர வலையைத் தொடக்கூடாது!" என்று முதலாளி கத்தினார். பதிவுக் கடிதம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கரை உரிமை கிடைக்குமா என்பதும் தெரியாது. இரவோடிரவாக வந்திறங்கிய திரியாய் வலையோ ஆள் நுழையும் ஓட்டைகளோடு மணலில் கிடந்தது. அதைச் சுற்றி அமர்ந்து அவர்கள் முடிச்சுப் போடத் தொடங்கினார்கள். அல்பிரட் ஒரு கண்ணியைக் காற்பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக் கொடுத்தான்.

வெயில் ஏறியதும் முதலாளி குடையோடு வந்தார்.

"வெறும் வயித்தோட எத்தினை நாளைக்கு இந்தக் கூத்து? அல்பிரட், உன்னில எனக்குக் கோவமில்லை. காவல் வேலை இப்பவும் இருக்கு. எழும்பி வா."

அல்பிரட் கண்ணியை விடவில்லை.

"பத்துப் பேருக்கும் இருக்கோ, முதலாளி?"

முதலாளி குடையை மற்றக் கைக்கு மாற்றினார். புது ஆட்கள் மீன் தெரிந்தெடுக்கக் கூப்பிட்டும் போகாமல், இன்பமலர் வெறும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புருசனுக்கும் பாக்கியரத்தினத்துக்கும் நடுவே இடம் பிடித்து அமர்ந்தாள். வலையின் ஓரத்தை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"பத்தில்லை," என்றாள். "பதினொண்டு."